புல்லு மருந்து

மழை வந்துவிட்டால் போதும். பெரிய மழை வேண்டாம். சட்டென்று ஒரு பாட்டம், இலைகள் நனைந்து சொட்டுகிற அளவுக்கு, மேலே ஒட்டியிருப்பதை எல்லாம் கழுவிக்கொண்டு மண்ணுக்குள் போகிற அளவுக்கு விழுந்தால் போதும், நான் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. மேற்கே கறுப்பாக ஏதோ இருக்கிறது. மேகமா மலையா என்று இந்தப் பக்கச் சந்துக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியவில்லை. வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே ஒரு துண்டு அகலத்துக்குத்தான் வானம். மடியில் டப்பா திறந்தபடி இருக்கிறது. தக்காளி சாதம். காலையில் கிளறும்போது நன்றாகத்தான் மணத்தது. இப்போது ஒரு வாய் வைத்தால் ரப்பர் கையுறை வாசம் அடிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, போதாதென்று மறுபடியும் கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எதிரே ரெஜினா பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, விரல்களை விரித்துக் காற்றாட விட்டுக்கொண்டு, இட்லியைப் பொடியில் புரட்டிப் புரட்டிச் சாப்பிடுகிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் இப்படி ரசித்துத் தின்ன முடியாது. "என்னுங்க்கா, மேலயே பாத்துட்டு இருக்கறீங்க? ஏரோப்ளேன்ல சொந்தக்காரங்க யாராச்சும் போறாங்களா?" என்றாள். மழை வருமா என்று பார்க்கிறேன் என்றேன். அது உண்மைதான். இன்றைக்கு இதற்குமேல் உண்மையாக ஒன்றும் என் வாயிலிருந்து வரவில்லை. "வாயக் கழுவுங்க்கா. இப்ப மழ வந்தா அடிச்ச மருந்து அத்தனையும் வீணு. மறுக்கா வந்து அடிக்கோணும். அதுக்கும் நந்தகோபால் சார் நம்மளத்தான் வையுவாரு, நம்ம போயி மழையக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாப்பல." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வீணாகிவிடும். மழை வந்தால் வீணாகிவிடும். அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். வீணாகட்டும், கடவுளே, நான் அடித்தது அத்தனையும் வீணாகட்டும்.

சந்தின் முனையில் கொஞ்சம் புல்தரை தெரிகிறது. அதைப் பார்க்காமல் இருக்கலாம் என்றுதான் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன், ஆனால் ரெஜினாவின் தோளுக்குமேல் சரியாக அதுதான் இருக்கிறது. பச்சைப் பசேலென்று இருக்கிறது. காலையில் வந்தபோது இருந்ததைவிட இன்னும் பச்சையாக, ஈரத்தில் மினுங்கிக்கொண்டு. கொரியன் புல். பாய் பாயாக வாங்கி வந்து பதித்தது, கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும். ஐப்பசி மழை ஓய்ந்ததும் இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் புல்லுக்கு நடுவே கோரை குத்தீட்டி மாதிரி எழும்பிவிடும். மூக்குத்திப்பூண்டு, அம்மான் பச்சரிசி, வேலியோரம் பார்த்தீனியம். கோடை மழைக்கு ஒருதரம், ஆடிக்காற்று அடங்கியதும் ஒருதரம், கார்த்திகையில் ஒருதரம் என்று எங்கள் கம்பெனி வண்டி வந்து வீட்டுக்கு இரண்டு பேராக இறக்கிவிட்டுப் போகும். முதுகில் டேங்க், கையில் கம்பி, முகத்தில் துணி. சாயங்காலம் வந்து ஏற்றிக்கொண்டு போகும். இந்த வீட்டுக்கு ரெஜினாவும் நானும். அவள்தான் கலக்குவாள், நான் அடிப்பேன். கலக்குகிற வேலையை வேறு யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் சூப்பர்வைசர் நந்தகோபால் சார் சட்டம். அதற்கென்று ரெஜினாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். போன ஆடியில் ஒரு ஜோடி யாரோ வீட்டுக் குரோட்டன்ஸ் வேலியைக் கருக்கிவிட்டார்கள் என்று அன்றைக்கே, கையுறையைக்கூட முழுசாகக் கழற்ற விடாமல், வீட்டுக்கு அனுப்பினார். அந்த இரண்டு பேரும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றியது என் கண்ணிலேயே இருக்கிறது. அவர்களில் கலக்கியவள் அழவில்லை. அடித்தவள்தான் அழுதாள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. தப்பு கலக்கியவளுடையதுதானே, இவள் ஏன் அழுகிறாள் என்று நினைத்தேன். இங்கே இரண்டுமே நான். கலக்கியதும் நான், அடித்ததும் நான். ஆனால் வெளியே அனுப்பப்போவது ரெஜினாவை.

காலையில் அவளுக்குப் போன் வந்தது. மகள், மதுரையில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் ஏதோ சண்டை, அழுதுகொண்டே கூப்பிட்டிருக்கிறாள். போனுக்குள் அந்தப் பெண் விசும்புவது எனக்கே கேட்டது. வேலை நேரத்தில் போன் பேசினாள் என்று ரெஜினாவுக்கு ஏற்கெனவே ஒரு பேச்சு விழுந்திருக்கிறது. அதனால் கேட்டுக்கு வெளியே புங்கை மரத்துப் பக்கம் ஒதுங்கிப் போனாள். போகும்போது போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அக்கா, டேங்க்ல தண்ணி புடிச்சு, புல்லு மருந்து மூடியில அளந்து ஊத்திக் கலக்கி வெச்சுருங்க, தா வந்தர்றேன்" என்றாள். புல்லு மருந்து. அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. நான் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? புல்லு மருந்து எது என்று எனக்குத் தெரியாதா? இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் எத்தனை வருஷம் அன்னூர்ப் பக்கம் மக்காச்சோளக் காட்டுக்கும் மஞ்சள் காட்டுக்கும் போயிருக்கிறேன். வரப்பில் புல் ஏறினால் காட்டுக்காரர் சொல்லுவார், "துளசிமணி, வரப்புக்குப் புல்லு மருந்து அடிச்சு உடு." தேன் நிறத்தில், கொஞ்சம் வழவழவென்று, சவர்க்காரம் கலந்தது மாதிரி ஒரு வாசம். வண்டியிலிருந்து இறக்கிய பெட்டியைத் திறந்தேன். இரண்டும் வெள்ளைக் கேன்தான், மேலே எல்லாம் இங்கிலீஷ். எட்டாவதோடு நின்றவளுக்கு அந்தப் பொடி எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். படிக்கப் பார்க்கவில்லை. மூடியோரம் முகர்ந்தேன். முதல் கேன் சீல் பிரிக்காதது, தெரியாத வாசம். இரண்டாவதைத் திறந்து மூக்கை வைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. பழைய ஆளைப் பார்த்த மாதிரி. இதுதானே, இதுகூடவா தெரியாது எனக்கு என்று அளந்து ஊற்றினேன். ரெஜினா வரும்போது டேங்க் என் முதுகில் ஏறியிருந்தது. "எந்தக் கேனுக்கா?" என்று கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீ சொன்னதுதான்" என்றேன். அப்போது அது பொய் இல்லை. அதை நான் விடக்கூடாது, அப்போது அது பொய் இல்லை. அவள் புல்லு மருந்து என்றாள், நான் புல்லு மருந்து ஊற்றினேன். அவ்வளவுதான் நடந்தது.

முன்பக்கம் முழுக்க அடித்தேன். வேலியோரம் தொடங்கி, ஒரு கை வீச்சு ஒரு கை வீச்சாக, ஒரு இடமும் விடாமல். நல்ல வேலை செய்தேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். ரெஜினா பார்த்துவிட்டு, "அக்கா கோலம் போட்டாப்பல அடிச்சுருக்கறீங்க" என்றாள். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு, டப்பாவைத் திறந்துகொண்டு, இந்தச் சந்தில் உட்காரும்போதுதான், இட்லியைப் பிட்டுக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள். "புல்லு மருந்து முடிஞ்சுது. தின்னுட்டு, பின்னால ஓடுகல்லு பதிச்ச சந்துக்கு அந்த மொட்ட மருந்தக் கலக்கி அடிச்சுட்டா வேல தீந்துது. அது கண்டதையும் மொட்டையடிச்சு உட்ரும், நீங்க செடிப்பக்கம் போயராதீங்க. நானே அடிச்சுக்கறேன்." மொட்டை மருந்தா என்று கேட்டேன். "அதாங்க்கா, தேனாட்டம் இருக்கும் பாருங்க, கேன் தொறந்தாச் சவர்க்காரம் நாறும். காட்டுல வரப்புக்கு அடிக்கறது." எனக்கு முதலில் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாய் சாதத்தை உருட்டினேன். அப்புறம் அந்த உருண்டை கையிலேயே நின்றுவிட்டது. இவர்களுக்குப் புல்லு மருந்து என்றால் புல்லைக் காப்பாற்றுகிற மருந்து. களையை மட்டும் கொன்றுவிட்டுப் புல்லை விட்டுவிடுகிற மருந்து. எங்களுக்குக் காட்டில் புல்லு மருந்து என்றால் புல்லைக் கொல்கிற மருந்து. ஒரே வார்த்தை. காய்ச்சல் மருந்து என்றால் காய்ச்சல் போகும், இருமல் மருந்து என்றால் இருமல் போகும், பூச்சி மருந்து என்றால் பூச்சி சாகும், அப்படியென்றால் புல்லு மருந்து என்றால் புல் சாகத்தானே வேண்டும், என் மேல் என்ன தப்பு? இப்படிக் கேட்டால் நந்தகோபால் சார் என்ன சொல்லுவார்? கண் மருந்து என்றால் கண்ணா போகும் என்று கேட்பார். கேட்பார், அவருக்கு வாய் நீளம். நான் மனதுக்குள்ளேயே அவரிடம் வாதாடித் தோற்றுக்கொண்டிருந்தேன். உருண்டை கையில் காய்ந்துகொண்டிருந்தது. ரெஜினா, "என்னுங்க்கா, சாதத்துக்குச் சாமி கும்புடறீங்களா?" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷம். "ஐயோ ரெஜினா, நான் அதைத்தான் ஊத்திட்டேன்" என்று வாயிலிருந்து விழுந்திருந்தால் விழுந்ததுதான், அவள் இட்லியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள், குழாயைத் திருகியிருப்பாள், இந்நேரம் பாதிப் புல்லாவது கழுவியாகியிருக்கும். மழை வந்தால் வீண் என்றால் தண்ணீர் விட்டாலும் வீண்தான், எனக்கு அது புரிகிறது. படிப்பு வேண்டுமா அதற்கு? இலை அதைக் குடித்து வேருக்கு இறக்குவதற்குள் கழுவ வேண்டும். இறங்கிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. வரப்பில் பார்த்திருக்கிறேனே. அடித்த அன்று புல் அப்படியே நிற்கும், மறுநாளும் நிற்கும், ஆடு வந்து முகர்ந்துவிட்டுப் போகும், நமக்கே சந்தேகம் வரும், மருந்து பழசோ என்று. அப்புறம் ஒரு நாள் காலையில் நுனியில் கொஞ்சம் மஞ்சள். அப்புறம் பார்க்கவே வேண்டாம். அந்த நடுவில் நிற்கிற நாட்கள்தான் எனக்கு அப்போதும் பிடிக்காது. தனக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் காற்றுக்கு ஆடிக்கொண்டு நிற்கும். பார்க்கிற நமக்குத்தான் தெரியும். இப்போது அதோ ஆடிக்கொண்டு நிற்கிறது. ரெஜினாவும் அப்படித்தான் எதிரே உட்கார்ந்து விரலை நக்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு வாரம் கழித்து இந்த வீட்டு மேடம் போன் செய்வார்கள், நந்தகோபால் சார் வருவார், யார் கலக்கினது என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார், கலக்கியவள் பெயர் ரெஜினா என்றுதான் அவருக்குத் தெரியும். என்னை இந்த வேலைக்குக் கூட்டி வந்தவள் அவள். எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு. "நல்ல அக்கா சார், பேச்சே இருக்காது, வேலதான் இருக்கும்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டாள். பேச்சே இருக்காது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

சொல்லலாம், இப்போதும் சொல்லலாம். எப்படித் தொடங்குவது? ரெஜினா, ஒரு விஷயம். இல்லை, ஒரு விஷயம் என்று தொடங்கினால் அவள் பயந்துவிடுவாள், மகளைப் பற்றி என்று நினைப்பாள். ரெஜினா, அந்த மொட்டை மருந்து இருக்கிறதே. இருக்கிறது, அதற்கென்ன என்பாள். அதற்கு மேல் என் நாக்கு எழும்பாது. என் வீட்டுக்காரர் எப்போதும் சொல்லுவார், உனக்கு வார்த்தை எல்லாம் தொண்டைக்குள் வந்து, வெளியே யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்று. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். எட்டாவதில் பெயர் கூப்பிடும்போது உள்ளேன் ஐயா என்று சொல்ல வேண்டும், எனக்கு முன்னால் இருப்பவள் பெயர் வரும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும், என் பெயர் வந்ததும் குரல் வராது, வாத்தியார் வராதவள் என்று போட்டுவிட்டுப் போய்விடுவார். நான் அங்கே உட்கார்ந்திருப்பேன், வராதவளாக. அப்புறம் அப்பா படிப்பை நிறுத்தச் சொன்னபோது, வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், இனிமேல் பெயர் கூப்பிட மாட்டார்கள் என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. இதையெல்லாம் இப்போது ஏன் நினைக்கிறேன்? நேரம் போகிறது. புல் குடித்துக்கொண்டிருக்கிறது. நான் நினைத்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நினைப்புக்கும் அது ஒரு வாய் குடிக்கிறது. மைனா ஒன்று இறங்கிப் புல்லுக்குள் தத்தித் தத்திப் போகிறது. சூ, சூ என்று கையை வீசினேன். "அது ஒண்ணும் ஆகாதுக்கா, நம்ம மருந்து மைனாவ என்ன பண்ணும்?" என்றாள் ரெஜினா. நம்ம மருந்து. டப்பாவை மூடினேன். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி திறந்து மறுபடி மூடினேன்.

பின்வாசல் கதவு திறந்து மேடம் வந்தார்கள். ஹேமலதா மேடம். இரண்டு டம்ளர் டீ, தட்டில் முறுக்கு. முழங்கால் தேய்ந்தவர்கள், ஒவ்வொரு படியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். எழுந்து நின்றேன். "உக்காருங்க உக்காருங்க, சாப்பிடும்போது எதுக்கு எந்திரிக்கறீங்க" என்று தட்டைத் திட்டில் வைத்துவிட்டு, முனைக்குப் போய்ப் புல்லைப் பார்த்தார்கள். அவர்கள் முதுகு எனக்குத் தெரிந்தது. நான் அந்த முதுகைப் பார்த்து மனதுக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திரும்பினார்கள், நான் டம்ளரைப் பார்த்தேன். "முன்னெல்லாம் நானே ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து, காபி குடிக்கறதுக்கு முன்னாடி கோரை பிடுங்குவேன். எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு, என்னைக் கவனிக்கறதவிட அந்தப் புல்லைத்தான் நல்லாக் கவனிக்கிறாள்னு. இப்பக் குனிய முடியலை. ஏம்மா, என் புல்லுக்கு ஒண்ணும் ஆயிடாதே?" ரெஜினா பூட்ஸுக்குள் காலை விட்டுக்கொண்டே சொன்னாள், "மேடம், கோர மட்டுந்தான் போகும். புல்லு பாருங்க, சிரிச்சுட்டு நிக்கும். ஆகலீன்னா என்னையக் கேளுங்க." என்னையக் கேளுங்க. என் கையில் டீ தளும்பி மணிக்கட்டில் கொட்டியது. சூடு. நல்லது, சுடட்டும் என்று துடைக்காமல் நின்றேன். "இவங்க யாரு, பேசவே மாட்டாங்களா?" என்று மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "துளசியக்காங்க மேடம். பேசுனா முத்து உதுந்துரும்னு புடிச்சு வெச்சுருக்காங்க" என்றாள் ரெஜினா. இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேடம் உள்ளே போகும்போது, "இன்னைக்கு ராத்திரி வரைக்கும் தண்ணி விடக்கூடாது, அப்படித்தானே?" என்று கேட்டார்கள். "ஒரு சொட்டு ஆகாதுங்க" என்றாள் ரெஜினா. மோட்டார் ஸ்விட்ச் இருக்கும் பக்கம் கையைக்கூடக் காட்டிவிட்டாள். இனிமேல் இந்த வீட்டில் யாரும் தற்செயலாகக்கூடத் தண்ணீர் விட மாட்டார்கள். மிச்சம் இருப்பது வானம்தான்.

வானத்தைப் பார்க்க முனைக்குப் போனேன். மலைதான் அது. மேகம் ஒன்று மலைக்கு மேலே இருந்தது, இருந்து, பாலக்காட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கவே வெயில் வந்துவிட்டது. புல்தரை முழுக்க வெயில், ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு துளி, அந்தத் துளிகள் சிறுத்துக்கொண்டே வந்தன. இன்னும் முழுக்கக் காயவில்லை. ஓரங்களில் காய்ந்துவிட்டது, நடுவில் ஈரம் இருக்கிறது. மழை வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அப்பாடா என்று உட்கார்ந்திருப்பேன். அடுத்த வாரம் மறுபடி அடிக்க வரும்போது சரியான கேனை எடுத்திருப்பேன். ரெஜினா கடைசிவரைக்கும் என்னை நல்ல அக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்திருப்பாள். அதைத்தான் நான் இவ்வளவு நேரம் வேண்டிக்கொண்டிருந்தேன். புல்லுக்காகக்கூட இல்லை. அந்த நேரத்தில் பின்னாலிருந்து, "அக்கா" என்று ஒரு குரல். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பினேன். ரெஜினா மருந்துப் பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையில் ஒரு கேனாக இரண்டையும் தூக்கிப் பிடித்திருந்தாள். ஒன்றின் மூடியில் சீல் அப்படியே இருந்தது. "இது தொறக்கவே இல்லீங்க்கா" என்றாள். நான் அந்தச் சீலையே பார்த்தேன். "அக்கா, இது இன்னும் தொறக்கவே இல்ல." அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை, அப்படியே இருந்தது, எங்கே போவது என்று தெரியாமல். "நீ புல்லு மருந்துன்ன" என்றேன். அவ்வளவுதான் வந்தது. குழந்தை மாதிரி. நீ புல்லு மருந்துன்ன.

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். கேன்களை மெதுவாகக் கீழே வைத்தாள். கேட்டுப் பக்கம் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து, முகத்துத் துணியை வாய்மேல் இழுத்துக்கொண்டு, "எத்தன நேரமாத் தெரியும் உங்களுக்கு?" என்றாள். சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து என்றேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். "செரி. வாய மூடிட்டு இருங்க. பின்னாடி சந்து அடிச்சுட்டுக் கெளம்பீரலாம். வாடறதுக்கு ஒரு வாரம் ஆகும். வேர்ப்பூச்சி உழுந்துருச்சு, நோவு வந்துருச்சுன்னு எதாச்சும் சொல்லிக்கலாம். நந்தகோபாலு மண்ணத் தோண்டியா பாக்கப்போறாரு? சொன்னம்னா இன்னைக்கே போயிருவேன்க்கா நானு. போன் பேசப் போனது, உங்களக் கலக்கச் சொன்னது, ரெண்டும் சேத்தி. அந்தப் புள்ளைக்கு அடுத்த மாசம் பீஸு..." முடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டீ சுட்ட இடத்தில் பிடித்திருந்தாள். எனக்கு எவ்வளவு நிம்மதி வந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சொல்ல வேண்டாம். யாருக்காகச் சொல்ல வேண்டுமோ அவளே வேண்டாம் என்கிறாள். தலையை ஆட்டினேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். தண்ணீர் டேங்க்குக்குள் விழும் சத்தம் கேட்டது. ஒரு வாரம் இருக்கிறது. ஒரு வாரம் நான் தினம் அவளோடு அதே வண்டியில் வர வேண்டும், வேறு வேறு வீட்டில் இறங்க வேண்டும், அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், நான் அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன், அப்புறம் போன் வரும். நோவு என்று அவள் சொல்லுவாள், நந்தகோபால் சார் குனிந்து ஒரு பிடி பிடுங்கிப் பார்ப்பார், அவருக்கா தெரியாது? அவள் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றுவாள். நான் பக்கத்தில் நிற்பேன். பேர் கூப்பிட்டாலும் குரல் வராமல். புல்லின் நடுவில் இன்னும் ஈரம் இருந்தது. அது இருக்கிறதா போய்விட்டதா என்று பார்ப்பதற்காகத்தான் உள்ளே இறங்கினேன், சத்தியமாக அதற்காகத்தான். குனிந்து தொட்டேன். விரல் நனைந்தது.

ஹோஸ் பைப் வேலியோரம் சுருட்டி வைத்திருந்தது. குழாயைத் திருகினேன், நடுவில் கொண்டுபோய்ப் பிடித்தேன். நான் முடிவு செய்தேன் என்று சொல்ல முடியாது. கை செய்தது, நான் இன்னும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். தண்ணீர் சத்தத்துக்கு ஜன்னல் திறந்தது. "ஏம்மா, ஏம்மா, தண்ணி விடறீங்க? விடக்கூடாதுன்னு இப்பத்தானே அவங்க சொன்னாங்க?" நெஞ்சு அடித்துக்கொண்டது. "புல்லு மருந்து அடிச்சுட்டேனுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "என்னது?" "புல்லு மருந்து அடிச்சுட்டேனுங்க, மேடம்!" மேடம் புரியாமல் பார்த்தார்கள். "ஆமா, அதுக்குத்தானே வந்தீங்க? அதக் கழுவி விட்டா எப்படி?" எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை நேரம் உருட்டி உருட்டி ஒரு வழியாக வெளியே தள்ளிய வார்த்தை, அதுவும் அங்கே போய் நல்ல வார்த்தையாக விழுகிறது. "மருந்து இல்லீங்க" என்று கத்தினேன். "விஷமுங்க. புல்லையே கொல்றதுங்க. கேன மாத்தி நான் ஊத்திட்டேன். இப்பக் கழுவுனாத்தான் பாதியாச்சும் நிக்கும்." ஜன்னலில் மேடம் முகம் அசையவில்லை. அந்தப் புல்லை ஒருமுறை பார்த்தார்கள், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும். "ரெஜினா எங்க? அவங்கதானே கலக்குவாங்க?" என்றார்கள். "அவளுக்குத் தெரியாதுங்க. அவ பின்னாடி வேலையா இருந்தா. நானா எடுத்தனுங்க, அவ சொல்லாமயே எடுத்தனுங்க." பொய்தான். இன்றைக்குச் சொன்னதில் இது மட்டும்தான் சரளமாக வந்தது.

ஜன்னலைச் சாத்தினார்கள். போன் செய்யப் போகிறார்கள், கம்பெனி நம்பர் கேட் பக்கத்துப் பலகையிலேயே இருக்கிறது. நான் பைப்பை ஆட்டி ஆட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் போதாது. இந்த நூல் தண்ணீர் வேலி வரைக்கும் போவதற்குள் வேலியோரம் செத்துவிடும். கட்டைவிரலால் அடைத்துச் சிதற விட்டேன். மோட்டார் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. பைப் என் கையில் துள்ளியது, தண்ணீர் திடீரென்று கனமாக வந்தது. மேடம் வாசற்படியில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்க்கவில்லை. கேட்டுப் பக்கத்துப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அங்கே காய்ந்துவிட்டிருந்தது. பக்கச் சந்திலிருந்து பூட்ஸ் சத்தம். வாளி நிறையத் தண்ணீரோடு யாரோ என்னைத் தாண்டிக் கேட்டுப் பக்கம் போனார்கள், இலை மேல் விசிறி விசிறி ஊற்றினார்கள், மறுபடி நிரப்பப் போனார்கள். நான் திரும்பவில்லை. அவள் கேட்டிருப்பாள், நான் கத்தியதைத் தெருவே கேட்டிருக்கும். இரண்டாம் வாளியோடு போகும்போது என் பக்கத்தில் நின்றாள். மூச்சு இரைத்தது.

"வேர்ல உடாதீங்க" என்றாள். "எல மேல உடுங்க. எலயத்தான் கழுவோணும்."

பைப்பை உயர்த்திப் பிடித்தேன்.